வெள்ளைக் கிளிகள் குடியிருக்கிற மரம்

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். உங்கள் பெயரை நான் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை. இப்போது எழுதலாமே, யார் கேட்கப் போகிறார்கள் என்று பேனையை எடுத்தால் கை வரவில்லை. இந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். ஆனபடியால் இதுவே போதும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. திவசத்துக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று. எங்கள் பிள்ளை சுகிக்கு ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மெல்பேர்ணில், ட்ருகனினாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வெறும் காணியில் இன்னொரு வேர்ஹவுஸ் எழும்பிவிட்டது. நீங்கள் குசினி யன்னலடியில் நின்று பொழுது படுகிறதைப் பார்ப்பீர்களே, அந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் சுவர். கோபிக்காதேயுங்கோ. பின்னேரத்தில் அந்தச் சுவரிலும் ஒரு செம்மை விழத்தான் செய்கிறது. நீங்கள் இருந்தால் அதையும் படம் எடுத்திருப்பீர்கள்.

தமிழ்ச் சங்க மலருக்கு உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு எழுத வராது என்று சொன்னேன். கதைக்கிற மாதிரி எழுதுங்கோ அக்கா என்றார்கள். யாரோடு கதைக்கிற மாதிரி? நான் கதைத்ததெல்லாம் உங்களோடுதானே. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலில் கல்வெட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதுக்குள் வரும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்களே, அதுதான் கல்வெட்டு. அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் கதை, இனசனம் ஒவ்வொருவரும் அழுகிற பாட்டு. உங்களுக்கும் அடிக்க வேண்டும் என்று உங்கள் அண்ணர் முடிவெடுத்தார். சிட்னியில் கல்வெட்டு அடிக்கிற ஒருவரிடம் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. யார் என்ன கேட்டாலும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் அண்ணர் கிளென் வேவர்லியில் இருக்கிற தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அட்டை வந்துவிட்டது, பார்த்துச் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போகும் என்றார். நானும் சுகியும் போனோம். அண்ணரின் முன்னறையில் கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

நீங்கள் கோட் போட்டுக்கொண்டு நின்றீர்கள். கழுத்தில் சிவப்பு ரை. உங்கள் லைசன்ஸ் அட்டையில் இருந்த முகத்தை வெட்டி வேறு யாருடையதோ உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கழுத்தடியில் நிறம் மாறியிருந்தது. தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம். பின்னால் பென்னாம்பெரிய அருவி ஒன்று. பச்சை மலை, நீல வானம், வானத்தில் நாலைந்து புறா.

நான் அந்த அருவியைத்தான் பார்த்தேன். இது எந்த அருவி? இத்தனை வருஷமாக நீங்கள் கூட்டிக்கொண்டு போன அருவி ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். சறுக்கி விழுந்தது, அட்டை கடித்தது, சோத்துப் பார்சலைக் குருவி கொத்திக்கொண்டு போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. இது நாங்கள் போகாத அருவி. யாரோ எங்கேயோ எடுத்தது. செத்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் நிற்கிற அருவி.

"அம்மா, திஸ் இஸ் நொட் அப்பா" என்றாள் சுகி. இது அப்பா இல்லையாம். அதுக்குப் பிறகு அவள் திரும்பவும் திரையைப் பார்க்கவில்லை.

உங்கள் அண்ணரைப் பிழை சொல்லாதேயுங்கோ. தம்பியை எல்லோரும் மதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சனங்கள் உங்களைக் கோட்டோடு கண்டால் மதிப்பார்கள் என்று நினைத்தார். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த அட்டை அச்சாகிவிட்டால் இனி நீங்கள் இதுதான். உங்களைத் தெரியாத பிள்ளைகள், பிறகு பிறக்கப் போகிற பிள்ளைகள், இந்தக் கோட்டைத்தான் நீங்கள் என்று நினைக்கப் போகுதுகள். நீங்கள் கண்டதெல்லாம் உங்களோடு போய்விடும்.

நான் உங்களை யாரென்று சொல்வேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிற ஆள். சனி விடிந்தால் வேறு ஆள். இடியப்பத்தை நான் வாழையிலையில் சுத்துகிறதுக்குள் நீங்கள் கமராப் பையையும் மூன்று கால் தாங்கியையும் காரில் ஏற்றிவிட்டு, கோர்ன் அடிக்காமல், கதவடியில் வந்து நின்று என்னைப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வை கோர்னைவிட மோசம்.

மற்றவர்களும் பயணம் போகிறார்கள்தான். போன இடத்தில் இறங்குவார்கள், வரிசையாக நிற்பார்கள், படம் எடுப்பார்கள், ஏறுவார்கள். நீங்கள் போன உடனே கமராவை எடுக்க மாட்டீர்கள். பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றச் சொல்வீர்கள். குடித்து முடியும் வரைக்கும் கமரா பைக்குள்ளேதான். அது உங்கள் சட்டம். எத்தனையோ தரம் தேத்தண்ணீர் குடிக்கிறதுக்குள் வெளிச்சம் போய்விட்டது, வானவில் போய்விட்டது, ஒருமுறை குட்டியோடு நின்ற கங்காரு போய்விட்டது. நான் பேசுவேன். இவ்வளவு தூரம் ஓடி வந்து கோட்டை விட்டுவிட்டு நிற்கிறீர்களே என்பேன்.

"கோட்டை விடேல்லை மலர். நான் பாத்தனான்தானே" என்பீர்கள்.

அது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. படம் எடுக்க வந்தவர் படம் எடுக்காமல் சந்தோஷமாகத் திரும்பினால் யாருக்கு விளங்கும்?

உங்கள் படங்களில் ஆட்கள் இல்லை. பனி மூடின புல்வெளி இருக்கும், உப்புப் பூத்த ஏரி இருக்கும், மரப்பட்டை உரிந்து தொங்குகிறது இருக்கும். நானே பக்கத்தில் நின்றாலும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வீர்கள். ஒருமுறை கோபத்தில் கேட்டேன், நான் என்ன அவ்வளவு வடிவில்லாமலா இருக்கிறேன் என்று. நீங்கள் சிரிக்கவில்லை. வில்லாவுட் கதையை அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னீர்கள்.

நானும் சுகியும் இங்கே வருகிறதுக்கு முன்னம் சிட்னியில் அந்தத் தடுப்பு முகாமில் நீங்கள் இருந்த காலம். கொண்டுபோன அன்றே நேரே பார் என்று படம் எடுத்தார்களாம், பக்கவாட்டில் எடுத்தார்களாம். பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒவ்வொரு படம். வேலிக்கு அங்கால் ஒரு காய்ந்த மரம் நின்றதாம். அதில் வெள்ளைக் கிளிகள் வந்து குந்தி, கொண்டையை விரித்து, கத்திச் சண்டை பிடித்துவிட்டுப் போகுமாம். நாள் முழுக்க அதைத்தான் பார்ப்பீர்களாம்.

"ஆளைப் படம் எடுத்தால் ஆர், எந்த ஊர், என்ன விசா எண்டு கேப்பினம். கிளியை ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றீர்கள். அதுக்குப் பிறகு நான் படத்தில் நிற்கக் கேட்கவில்லை. தேத்தண்ணீர்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஆனால் பாருங்கோ, அண்ணரின் மகள் பெரிய பிள்ளையான சாமத்திய வீட்டை மறக்க ஏலுமா? உங்களிடம் பெரிய கமரா இருக்கிறது என்று படம் எடுக்கிற பொறுப்பை உங்கள் தலையில் கட்டினார்கள். நீங்களும் மறுக்கவில்லை, பெறாமகள் அல்லவா. ஒரு கிழமை கழித்துப் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். நிறைகுடத்து மாவிலையில் ஒரு துளி தண்ணீர். ஆலாத்தித் தட்டில் திரி எரிகிற வடிவு. பிள்ளை எழும்பிப் போன பிறகு கதிரையில் கிடந்த ஒரு பூ. வாழைப்பொத்தியில் எறும்பு.

அண்ணர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மண்டபம் நிறைஞ்ச சனம் வந்து சாப்பிட்டுப் போச்சினம். இதிலை ஒரு குருவியும் இல்லை. ஒருத்தரும் வரேல்லையோ எண்டு கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது, எறும்பையோ?"

மாதக் கணக்கில் அவர் உங்களோடு கதைக்கவில்லை. வந்துபோன சனமும் தங்கள் படம் எங்கே என்று கேட்டு உங்களைத் திட்டினது. இப்போது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவளின் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது தெரியுமா? கதிரையில் கிடந்த அந்தப் பூத்தான். உங்கள் காதில் போடத்தான் இவ்வளவு நாளும் வைத்திருந்தேன்.

நகரத்தில் இருக்கிற கலைக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போவீர்கள். ஒரு பெரிய மண்நிறச் சித்திரத்துக்கு முன்னால் நின்றால் நின்றதுதான். முழுக்கப் புள்ளி. இந்த நாட்டு ஆதிச் சனங்கள் தங்கள் நிலத்தைக் கீறினது என்றீர்கள். எனக்கு மண்ணிறம் மட்டும்தான் தெரிந்தது. இது என்ன என்று நான் கேட்டேன். என்ன என்று கேளாதே, பார்க்கப் பார்க்க உனக்கு என்ன செய்யுது என்று சொல்லு என்றீர்கள். "கால் நோகுது" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வாங்கில் என்னை இருத்தி, நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். கால் நோ ஆறின பிறகு பார்த்தேன். அந்தப் புள்ளிகள் மெல்ல அசைகிற மாதிரி இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒவ்வொரு ஞாயிறும் இழுத்துக்கொண்டு போவீர்கள் என்று பயம்.

நெடும் பயணத்தில் பாட்டுப் போட மாட்டீர்கள். மெய்யியல் பிரசங்கம் போடுவீர்கள். யாரோ ஒருவர் மூக்கால் கதைத்துக்கொண்டே வருவார். நான் நித்திரை கொள்வேன். ஒருநாள் மலைப்பக்கம் போகிற வழியில் அதை நிற்பாட்டிவிட்டு என்னைத் தட்டி எழுப்பினீர்கள்.

"மலர், நாங்கள் பாக்காத நேரத்திலும் இந்த மலை இருக்குமோ?"

"இருக்காமல்? நீங்கள் வேலைக்குப் போனால் நான் இல்லாமல் போறனோ?" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடினேன்.

அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினீர்கள். இப்போது அந்தக் கேள்வி என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. சலாட் அடைக்கிற தொழிற்சாலையில் நிற்கும்போது வரும். நான் வேலைக்கு வந்துவிட்டேன், நீங்கள் வீட்டில் இல்லாமல் போய்விட்டீர்களோ? கையுறையோடு கண்ணைத் துடைக்க ஏலாது. அப்படியே நிற்பேன்.

சரி, அண்ணரின் முன்னறைக்கு வருகிறேன்.

அட்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். மனைவி புலம்பல் என்று ஒரு பாட்டு இருந்தது. அண்ணர் வாசித்துக் காட்டினார். நான் தலைவிரி கோலமாக நிற்கிறேனாம், துரும்பாய் இளைத்தேனாம், திசை தெரியாத தோணியாம். என் பெயரைப் போட்டு யாரோ அழுதிருந்தார்கள். நல்ல பாட்டுத்தான், எதுகையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் அழுகிறதுக்கு இன்னொருவர் ஏன்?

அண்ணருக்கு முன்னால் நான் வாய் திறந்து எதிர்த்துக் கதைத்ததில்லை. உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு, "அத்தான், இந்தப் படம் வேண்டாம். அவர் எடுத்த படம் ஒண்டைப் போடுவம்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஐமிச்சம்.

எதைப் போடுவது என்று கேட்டார். எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. சுகியின் போனில் இருந்தது. அவள் எடுத்துக் காட்டினாள்.

உங்கள் மரம். வடக்கே, முர்ரே ஆற்றுப் பக்கத்து ஏரியில், தண்ணீருக்குள் தனியாக நிற்கிற யூக்கலிப்டஸ். இலை ஒன்று இல்லை. வெள்ளி மாதிரி வெளிறின உடம்பு. நாங்கள் வழி மாறிப் போய்க் கண்ட மரம். எத்தனை முறை போனோம் அதுக்கு. ஒவ்வொரு முறையும் எடுத்ததைப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று திரும்பி வருவீர்கள். கடைசியாக எடுத்ததில்தான் உங்கள் முகம் மாறினது. கமராவின் சின்னத் திரையை என்னிடம் நீட்டினீர்கள்.

அண்ணரின் முகம் விழுந்துவிட்டது. "மலர், நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ? பட்ட மரமும் தண்ணியுமாய்... செத்த வீட்டுக் கல்வெட்டிலை ஆரும் பட்ட மரத்தைப் போடுவினமோ? அவச்சொல் வந்து சேரும். உம்மைத்தான் சொல்லுவினம்."

அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது. புருஷன் செத்த பெண்ணைப் பார்த்துச் சனம் சொல்கிற சொல் அதுதானே. அதை நானே அட்டையில் போட்டு எல்லோருக்கும் கொடுக்கிறதா? என் மனசும் ஒரு கணம் பின்வாங்கினது.

அப்போது நீங்கள் அந்த மரத்தடியில் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு விரலால் போனில் படத்தைப் பெரிதாக்கி அண்ணருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எனக்கு உங்களைப் போல வடிவாகச் சொல்ல வராது. தெரிந்தமாதிரிச் சொன்னேன்.

"அத்தான், இதிலை பாருங்கோ, கொப்பு முறிஞ்ச இடத்திலை பொந்து. இஞ்சை ஒரு தலை தெரியுது, அங்கை ஒண்டு. எல்லாம் வெள்ளைக் கிளி. பச்சையாய் நிக்கிற இளம் மரத்திலை பொந்து இராதாம். வயசு போய், கொப்பு முறிஞ்சு, பட்ட பிறகுதான் இதுகளுக்கு வீடு கிடைக்குமாம். அவர் சொன்னவர், இதைப் பட்ட மரம் எண்டு சொல்லாதை, இது குடியிருப்பு எண்டு."

அண்ணர் போனை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"வெள்ளைக் கிளியோ" என்றார். "வில்லாவுட்டுக்கு நான் இவனைப் பாக்கப் போறனான். மெல்பேர்ணிலையிருந்து முழுநாள் கார் ஓட்டம். போய் முன்னாலை இருந்தால் இவன் என்னைப் பாக்க மாட்டான். கண் வேலிக்கு அங்காலை. நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறன், நீ என்னடா மரத்தைப் பாக்கிறாய் எண்டு பேசினனான். அண்ணை, அதுகள் சாயந்தரம் இந்த மரத்துக்குத்தான் திரும்பி வருதுகள் எண்டான்."

அண்ணர் கதிரையை விட்டு எழும்பிக் குசினிப் பக்கம் போனார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நிற்கிறபடியே சிட்னிக்குப் போன் எடுத்தார். அங்கே கல்வெட்டு அடிக்கிறவர் என்னவோ மறுத்துச் சொல்கிறார் போல. பட்ட மரம் போடுகிற வழக்கம் இல்லையாம், வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய அருவி இருக்கிறதாம்.

"தம்பி, அருவியை எனக்கு வையும். நான் சாகேக்கை போடலாம்" என்றார் அண்ணர். "என்ரை தம்பிக்கு இந்த மரம்."

சுகி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

கோட் போட்ட படத்தையும் நீக்கிவிட்டார்கள். உள்பக்கத்தில் சுகி எடுத்த படம் வந்தது. வேலையால் வந்து, அந்த ஒளிர்கிற மஞ்சள் மேலங்கியோடு வாசலில் சப்பாத்துக் கழற்றுகிறபோது அவள் கூப்பிட, நிமிர்ந்து சிரித்தீர்களே, அது. புலம்பல் இருந்த இடத்தில் நான் சொல்லச் சொல்ல அண்ணர் தன் கையால் எழுதினார். "இது பட்ட மரம் இல்லை. இதுக்குள் குடியிருப்பு இருக்கிறது. அவர் எனக்குக் காட்டினார். நீங்களும் பாருங்கள்." அவ்வளவுதான். எதுகை மோனை ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். சிலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆளைக் காணவில்லையே என்று ஒரு அங்கிள் கேட்டார். எனக்குப் பின்வரிசையில் ஒரு அன்ரி முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன், வாழைக்காய்க் கறி ஆறிக்கொண்டு கிடக்கிறது, சனம் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பொந்து தேடுகிறார்கள். இங்கே ஒரு தலை, அங்கே ஒரு தலை என்று ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இங்கிலீஷில் போட்டி போட்டு எண்ணுகுதுகள். உங்கள் வேலைத்தலத்தில் இருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர், தமிழ் தெரியாதவர், புத்தகத்தை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை வந்தது, அதை எப்படிச் சொல்வது? செத்த வீட்டில் பெருமைப்படலாமா என்றுகூடத் தெரியாது. அத்தனை பேரும் நீங்கள் பார்த்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு சாமத்திய வீட்டுச் சனம் முழுக்க உங்களைத் திட்டினது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் அந்தியேட்டியில் அதே சனம் உங்கள் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு நின்றது.

கல்வெட்டை வீட்டில் வைக்கப் பலருக்கு மனம் வராது. உங்களுடையதை வைத்திருக்கிறார்கள். சிட்னியில் ஒரு பிள்ளை அட்டையை வெட்டி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாளாம், படம் அனுப்பினாள். முணுமுணுத்த அந்த அன்ரி கோயிலில் என்னைப் பிடித்து, பிள்ளை, அந்த மரம் எங்கே இருக்கிறது, என் மகன் கூட்டிக்கொண்டு போவானாம் என்று கேட்டா. எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை. நீங்கள் ஓட்டுவீர்கள், நான் நித்திரை கொள்வேன். எனக்கு எப்படி வழி தெரியும்?

அதனால்தான் போன கிழமை போனேன். அண்ணர்தான் கூட்டிக்கொண்டு போனார். அவராகவே கேட்டார். சுகி உங்கள் கமராவில் பற்றரி போட்டு, எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று காட்டித் தந்தாள். உங்கள் படங்களில் இடம் எங்கே என்று பதிந்திருக்கிறதாம், அதைப் பார்த்து அண்ணரின் போனில் வழியும் போட்டுக் கொடுத்தாள்.

வழி நெடுகக் கனோலா வயல் மஞ்சளாகக் கிடந்தது. வேலியோரத்தில் கார்களை நிற்பாட்டி, சீலை உடுத்திக்கொண்டு, சனம் படம் எடுத்தது. அண்ணர் நிற்பாட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் நித்திரை கொள்ளவில்லை. எந்தச் சந்தியில் திரும்புகிறோம், எந்தப் பெற்றோல் ஷெட் கழிய மண்பாதை வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். இனி எனக்கு வழி தெரியும்.

மரம் நின்றது. ஒரு கொப்புக் குறைந்திருக்கிறது, மற்றப்படி அப்படியே. தண்ணீர்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. அண்ணர் இறங்கி, கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தோடு சேற்றில் கால் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கிளிகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. வெள்ளையாய் ஒரு கூட்டம், மஞ்சள் கொண்டையை விரித்துக்கொண்டு, பொழுதுபடுகிற வெளிச்சத்தில், மரத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

"கமராவை எடும் மலர், கெதியாய்" என்றார் அண்ணர்.

நான் அப்போதுதான் பிளாஸ்கைத் திறந்திருந்தேன்.

"தேத்தண்ணி முடியட்டும் அத்தான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அதுகள் போகப் போகுதுகள்."

"போகட்டும். நீங்களும் குடியுங்கோ."

கோப்பையை அவர் கையில் வைத்தேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் கையில் சூடான தேத்தண்ணீரோடு ஒரு மனுஷன் என்ன செய்கிறது, நிற்க வேண்டியதுதானே. நின்றார். பார்த்தார். கிளிகள் இன்னொரு வட்டம் போட்டன. தண்ணீரிலும் அந்த வட்டம் போனது. பிறகு ஒவ்வொன்றாக வந்து இறங்கி, தன் தன் பொந்தை ஒருமுறை எட்டிப் பார்த்து, உள்ளே போயின. வெளிச்சம் போய்விட்டது. தேத்தண்ணீரும் முடிந்தது.

"மலர்" என்றார் அண்ணர், கோப்பையைத் திருப்பித் தந்தபடி. "இவன் ஒவ்வொரு சனியும் இதுக்கோ வந்தவன்?"

ஓம் என்றேன்.

படம் எடுக்கவில்லை. வெறும் கையோடுதான் வந்தேன். ஆனால் இஞ்சாருங்கோ, நான் கோட்டை விடவில்லை. நான் பார்த்தனான்தானே.

வரும் வழியில் உங்கள் கேள்வியை யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு வருஷமாக அந்த மரத்தை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது நின்றது. கிளிகள் போய் வந்துகொண்டு இருந்திருக்குதுகள், முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, சண்டை பிடித்துக்கொண்டு. நாங்கள் பார்க்காத நேரத்திலும் இருந்திருக்குது. அப்படியென்றால்? மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தான் பிரசங்கம் கேட்டவர்.

திவசம் முடிய அடுத்த பயணம். சுகி ஓட்டுவாளாம், அன்ரியும் வருகிறாவாம், நான் முன்சீற்றில் இருந்து வழி சொல்லுவேன். யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணீர், பிறகுதான் கமரா. அந்தச் சட்டத்தை நான் மாற விட மாட்டேன். நான் இருக்கும் மட்டும் உங்களுக்கு ஒருவரையும் கோட் போடவும் விட மாட்டேன்.

பிளாஸ்கோடு உங்கள் பக்கத்துச் சீற்றில் வந்தவள்,
உங்கள் மனைவி,
மலர்